பூஜ்யம் என்று எழுதிய கல்

ஜெபசுதாவுக்கு டீயை உட்கார்ந்து குடிக்க வராது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடப்பாள். வாசலுக்கு வந்தால் துறைமுகச் சாலையில் போகிற லாரிகள் கண்ணில் படும். எதில் நிலக்கரி, எதில் உப்பு, எதில் சிமெண்ட் என்று தார்ப்பாய் மூடியிருக்கிற வாகை வைத்தே சொல்லிவிடுவாள். அதற்குள் டீ ஆறிப்போகும். "சவம், இன்னைக்கும் ஆறிட்டு" என்று டீயைத் திட்டிவிட்டு அதையே குடித்துவைப்பாள்.

கல்யாணமாகி இருபது வருடத்தில் கிங்ஸ்டன் இதற்கெல்லாம் பழகிவிட்டான். துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவன். நாள் முழுவதும் பெட்டிகள் இடம் மாறுவதைப் பார்த்துவிட்டு வருகிற மனிதனுக்கு, வீட்டிலாவது ஏதாவது ஒன்று வைத்த இடத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. "ஏளா, செத்த உக்காரேன். ஒன்னயப் பாத்தா எனக்குக் காலு வலிக்கி" என்பான். அவளும் உட்காருவாள். உட்கார்ந்த இடத்தில் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருக்கும்.

அவள் பார்க்கிற வேலை என்ன என்று நாசரேத்தில் இருக்கிற சொந்தபந்தங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாத்தியார் மகள், இஞ்சினியருக்குப் படித்தவள் என்றால் சரி, வீடு கட்டுவாள். இவளோ கட்டவும் மாட்டாள், இடிக்கவும் மாட்டாள். ஒரு கட்டடத்தைப் பழுதுபார்க்க இவ்வளவு சிமெண்ட், இவ்வளவு சுண்ணாம்பு, கம்பி, மரம், மணல் வேண்டும் என்றால், அதையெல்லாம் தோண்டி, சுட்டு, அரைத்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குவதற்குள் எவ்வளவு கரிவாயு காற்றில் ஏறுகிறது என்று டன் கணக்கில் எழுதிக் கொடுப்பாள். இதற்குக் கார்பன் கணக்கு என்று பெயர். "பொகைய நிறுக்கிற வேலையா? எந்தத் தராசுல நிறுப்ப?" என்று ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா மகன் செல்வதுரை கேட்க, பந்தியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஜெபசுதாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அந்த மண்டபத்தைக் கட்ட எத்தனை டன் ஆகியிருக்கும் என்று தூண்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

இந்தக் கிறுக்கு அவளுக்குப் பிடித்த இடம் துறைமுகம்தான். படித்து முடித்த கையோடு அலைதடுப்புச் சுவர் வேலையில் ஒரு கான்ட்ராக்டரிடம் சேர்ந்தாள். குவாரியிலிருந்து வருகிற கல் லாரிகளை எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். வெயிலில் நின்றபடி ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து லாரி, நூற்றிருபது லாரி. மூன்றாவது மாதம் அவள் கண்ணுக்குக் கல் தெரிவது நின்றுபோய் டீசல் தெரிய ஆரம்பித்தது. இவ்வளவு கல்லைக் கொண்டுவர எரித்த எண்ணெய் எங்கே போனது, அதை யார் எழுதி வைத்தார்கள் என்று மேனேஜரிடம் கேட்டாள். "ஒங்களுக்குச் சம்பளம் லாரி எண்ணத்தான் மேடம்" என்றார் அவர். அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். இவள் மறக்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் வேறு வேறு கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டே அந்தக் கணக்கைப் படித்துத் தேர்ந்து, நாற்பத்துநாலு வயதில் வீட்டு முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கினாள்.

வந்ததெல்லாம் தொழிற்சாலைக் கணக்குகள். ஒரு நிறுவனத்துக்கும் உண்மையான எண் வேண்டியதில்லை, அழகான எண்தான் வேண்டும். அவள் அழகாக எழுதிக் கொடுக்க மறுத்ததால் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. ஒரு எண்ணில் பொய் சொல்லி அவள் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சங்குமுனைக் கிட்டங்கி வேலை வந்தபோது அவள் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

தருவைகுளம் தாண்டி வேம்பார் போகிற சாலையில் கிழக்கே பிரிகிற ஊர் சங்குமுனை. முந்நூறு வீடுகள், அத்தனையும் கத்தோலிக்கர் வீடுகள். நடுவில் சந்தியாகப்பர் கோயில். கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்தபடி, கோயிலுக்கே சொந்தமான ஒரு நீளக் கட்டடம். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பி மூட்டைகளைப் போட்டுப் பூட்டிவைத்த கிட்டங்கி. முத்துக்குளிப்பு நின்றபின் வலை கிடந்தது, பிறகு ஆடு கிடந்தது, பிறகு கூரையே கீழே வந்து கிடந்தது. சுவர் மட்டும் நின்றது. இரண்டடி கனத்தில் முருகைக்கல் சுவர். கடலுக்கடியில் பவளப்பூச்சிகள் வளர்த்த கல் அது. அந்தக் காலத்தில் வெட்டியெடுத்து வீடு கட்டினார்கள். இப்போது வெட்டினால் ஜெயில்.

இந்தக் கிட்டங்கியைச் சரிசெய்து ஊர்ப் பெண்களின் கருவாட்டுச் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது பங்குச் சாமியார் தனராஜின் எண்ணம். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று உதவ முன்வந்தது. அவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. பழுதுபார்க்கும் சாமான்களால் ஏறுகிற கார்பன் முப்பது டன்னைத் தாண்டக் கூடாது.

ஜெபசுதா கணக்குப் போட்டாள். சிமெண்டில் செய்தால் நாற்பத்தொன்று. வடக்கேயிருந்து ஆலைச் சுண்ணாம்பு வரவழைத்தால் முப்பத்துமூன்று. பக்கத்துக் காளவாசலில் சிப்பி சுட்டு எடுக்கிற சுண்ணாம்பும், இடிந்த இடத்தை அடைக்க அதே மாதிரிப் பழைய முருகைக்கல்லும் கிடைத்தால் இருபத்துமூன்று. கல்லுக்கு நேரே அவள் பூஜ்யம் என்று எழுதினாள். யாரோ எப்போதோ வெட்டிய கல்லை எடுத்து மறுபடி வைப்பதற்குப் புகை ஏது? டிராக்டருக்கு ஊற்றுகிற டீசலோடு சரி.

இதை ஊர்க்கூட்டத்தில் அவளே விளக்கினாள். "பழைய முருகைக்கல்லு யாரு வீட்டுலயாவது கெடந்தாத் தாங்க. அதுக்குக் கணக்குல பூஜ்யம். எவ்வளவு கல்லு வருதோ அவ்வளவுக்கு நம்ம கணக்கு எறங்கும்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் அதைச் சுருக்கி, "கோயில் வேலைக்குப் பழைய கல்லு வேணும். இருக்கிறவங்க குடுத்து உதவுங்க" என்று சொன்னார்.

அவள் கோட்டைவிட்டது இங்கேதான். நாசரேத்துக்காரி, சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். அவள் ஊர்க் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஆளாளுக்குக் காணிக்கை கொண்டுவருவார்கள். கொல்லையில் கூடுதலாகக் காய்த்த பூசணி, ஒரு சேவல், ஒரு கருப்பட்டிப் பெட்டி. ஏலம் விடுவார்கள், சிரிப்பும் கும்மாளமுமாக வாங்கிக்கொண்டு போவார்கள். கோயிலுக்குக் கொடுப்பது என்றால் மிஞ்சியதில் கொடுப்பது என்றுதான் அவள் மனதில் இருந்தது. சங்குமுனையிலும் கொல்லைப்புறத்தில் கிடக்கிற கல் வரும் என்று நினைத்தாள்.

கல் வந்தது. நன்றாகவே வந்தது. ஓரம் உடையாத, சதுரமான, ஒரே அளவான கற்கள். அறிக்கையை அனுப்பினாள், அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது, வேலை தொடங்கியது. கொத்தனார் முப்பிடாதி கல்லை நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு உப்புக் கழற்றி, சிப்பிச் சுண்ணாம்பு வைத்து வரிசை வரிசையாக ஏற்றினார். வடக்குச் சுவர் பாதி எழுந்துவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் மேலே கூரை நின்றாக வேண்டும் என்பதால் எல்லோருக்கும் அவசரம்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு புதன்கிழமை, படம் எடுக்கப் போன ஜெபசுதா ஊறப்போடக் குவித்திருந்த கற்களில் ஒன்றைப் புரட்டினாள். ஒரு பக்கம் நீலச் சுண்ணாம்பு அடித்திருந்தது, அடித்து ஒரு வருடம்கூட இருக்காது. அடுத்த கல்லைப் புரட்டினாள். கன்னங்கரேல் என்று அடுப்புக்கரி. கையில் ஒட்டியது. இன்னொன்றில் ஆணி, அந்த ஆணியில் நைந்துபோன காலண்டர் நூல்.

"அண்ணாச்சி, இந்தக் கல்லு எங்கயிருந்து வந்துச்சு?" என்று முப்பிடாதியிடம் கேட்டாள்.

"அமலோற்பவம் அம்மா வீட்டு அடுக்களை மேடம். நாங்கதான் போயிப் பிரிச்சோம்."

"இடிஞ்சு கெடந்துச்சா?"

"எங்க இடிஞ்சு கெடந்துச்சு? கடப்பாரை ஏற மாட்டேன்னு ஒரே சண்டித்தனம். ரெண்டு நாளு ஆச்சு" என்று பெருமையாகச் சொன்னார் முப்பிடாதி. நல்ல சுவரைப் பிரித்ததில் அவருக்கும் ஒரு சந்தோஷம்.

ஜெபசுதா நேரே அந்த வீட்டுக்கு நடந்தாள். அமலோற்பவத்துக்கு அறுபதை ஒட்டின வயது. புருஷன் இல்லை. கருவாட்டுச் சங்கத்தில் இருக்கிறவள் என்பதால் ஜெபசுதாவுக்கு முகம் தெரியும். வீட்டின் முன்னறை மட்டும் முழுதாக நின்றது. பின்னால் அடுக்களை இருந்த இடத்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழ் குனிந்து சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஹாலோ பிளாக் கல் அடுக்கியிருந்தது. கம்பிக்கட்டு கிடந்தது. முப்பது சிமெண்ட் மூட்டைகள் பலகைமேல் ஏறி உட்கார்ந்திருந்தன. ஜெபசுதா அந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"ஆரு, இஞ்சினியரம்மாவா? வாங்க, வாங்க. உக்காரத்தான் எடமில்ல, பாத்தியளா" என்று சிரித்தாள் அமலோற்பவம்.

"எதுக்குக்கா அடுக்களைய இடிச்சிய?"

"கோயிலுக்குக் கல்லு வேணும்னு சாமி பூசையில சொன்னாவல்லா."

"சும்மா கெடக்கிற கல்லத்தானக்கா கேட்டோம்."

"சும்மா கெடக்கத ஆராவது கோயிலுக்குக் குடுப்பாவளா?" என்றாள் அமலோற்பவம், சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல.

பிறகு கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். போன மாசியில் அவள் மகன் ஜெனிஸ் போன தோணி, மாலத்தீவில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்புகையில் நடுக்கடலில் இஞ்சின் நின்றுபோனது. ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை.

"எட்டாம் நாளு ஊருல எல்லாரும் எம் மூஞ்சியப் பாக்கத நிறுத்திட்டாவ. அன்னைக்குக் கரையில நின்னு நேந்துக்கிட்டேன். சந்தியாகப்பரே, எம் பிள்ளையத் தந்துரும், எங்கிட்ட இருக்கது இந்த வீடு ஒண்ணுதான், இத ஒமக்குத் தாறேன்னு. மறுநாளு ஒரு கப்பல்காரன் பாத்துக் கட்டி இழுத்துட்டு வந்துட்டான். வீட்ட எப்படித் தூக்கிக் கோயிலுக்குக் குடுக்கதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டிருந்தேன். நீங்க வந்து கல்லு கேட்டிய. அவரே வந்து கேட்ட மாரி இருந்துச்சு."

"முன்னறை?"

"அது திங்கக்கெழம. நேந்தது வீட்டல்லா, அடுக்களைய மட்டுமா? ஜெனிஸு கான்கிரீட்டுல போட்டுத் தாரேன்னுட்டான். அதுவரைக்கும் இந்தப் பாயிதான்." தன்னைப் பார்த்து வேறு இரண்டு வீட்டுக்காரர்களும் சுவரைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சேர்த்துச் சொன்னாள்.

வீடு திரும்புகிற பஸ்ஸில் ஜெபசுதாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். இரண்டடிச் சுவர். வெயில் உள்ளே வராது. இன்னும் நூறு வருடம் நிற்கும். அதை இடித்துக் கோயில் சுவரில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் கான்கிரீட் வீடு. சின்ன வீடுதான், ஆனால் சிமெண்டும் கம்பியும் சேர்ந்தால் பதினாறு டன்னுக்குக் குறையாது. மூன்று வீடு என்றால் நாற்பத்தெட்டு. முழுக் கிட்டங்கிக்கும் சேர்த்து இருபத்துமூன்று டன்தான் என்று மார்தட்டிக்கொண்டவள் அவள். கல்லுக்குப் பூஜ்யம் என்று சொன்னதும் அவள் வாய்தான். அந்தப் பூஜ்யத்தை நம்பி ஒரு பொம்பளை தார்ப்பாய்க்குக் கீழே சோறு வடிக்கிறாள், மழை வேறு வரப் போகிறது. அவமானமாக இருந்தது. அதற்கு வேறு பெயர் இல்லை.

"மூணு வீட்டையும் கணக்குல சேக்கப் போறேன்" என்று கிங்ஸ்டனிடம் சொன்னாள்.

"சேத்தா முப்பதத் தாண்டிருமே?"

"தாண்டட்டும்."

"அப்போ வேல நின்னுரும். கருவாட்டுச் சங்கத்துக்காரிய எல்லாம் ஒன்னயத் தேடிட்டு வருவாவ, பாத்துக்க."

"நின்னாலும் நிக்கட்டும். அந்த முன்னறை தப்பிக்கும்லா?"

வியாழக்கிழமை காலையில் திருத்தின அறிக்கையை அனுப்பினாள். எழுபத்தொரு டன். அனுப்பிவிட்டுக் கைநகத்தைக் கடித்துக்கொண்டு முன்னறைக்கும் வாசலுக்கும் அலைந்தாள்.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. தனியார் வீடுகள் இந்தத் திட்டத்தின் எல்லைக்கு வெளியே வருகின்றன, அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டுப் பழைய எண்ணோடு மறுபடி அனுப்பவும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். முறைப்படி பார்த்தால் அவர்கள் சொன்னது சரி. கோயில் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பதுதான் கணக்கு, அந்தப் பக்கம் இருப்பது யாருடைய கணக்கிலும் இல்லை. எல்லைக்கோடு போடுவது எப்படி என்று மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவள் அவள்தான். மேசையை இரண்டு தட்டுத் தட்டினாள். பேனா உருண்டு கீழே விழுந்தது, அவள் எடுக்கவில்லை. எழுபத்தொன்று என்று எழுதினாலும் இருபத்துமூன்று என்று எழுதினாலும் திங்கட்கிழமை கடப்பாரை வரத்தான் போகிறது.

சனிக்கிழமை சாமியாரைப் போய்ப் பார்த்தாள். "இனிமே கல்லு வேண்டாம் சாமி. மிச்சத்தச் செங்கல்லுல ஏத்திருவோம். இருபத்தெட்டு வரும், முப்பதுக்குள்ளதான்" என்றாள்.

ஃபாதர் தனராஜ் நல்ல மனிதர். அமலோற்பவம் அடுக்களையை இடித்தது அவருக்கும் தாமதமாகத்தான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கல் போதும் என்று அறிவித்தார். மற்ற இரண்டு வீட்டாரில் ஒருவர் நிம்மதியாகவும் இன்னொருவர் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டும் விலகினார்கள். பூசை முடிந்து அமலோற்பவத்தைத் தனியே கூப்பிட்டு, நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் உண்டு, வீட்டுக்குப் பதிலாக வருடா வருடம் ஏழைகளுக்குச் சாப்பாடு போடட்டும் என்று சொல்லிப் பார்த்தார்.

"நீங்க மாத்துனா சந்தியாகப்பரு ஒத்துக்கிடுவாரு சாமி. கடலு ஒத்துக்கிடுமா? நான் நேந்தது கடலப் பாத்துல்லா" என்றாள் அவள். சாமியார் வந்து ஜெபசுதாவிடம் கையை விரித்தார்.

ஜெபசுதாவுக்கு அப்போதுதான் அந்தக் கோழி ஞாபகம் வந்தது. சின்ன வயதில் நாசரேத்தில் ஒரு பண்டிகைக்கு, தெருக்கோடிப் பெண் ஒருத்தி காணிக்கையாகக் கொண்டுவந்த கோழிக்கு ஒரு கண் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பழுதுள்ளது காணிக்கைக்கு ஆகாது. அதை அந்த ஊரிலும் ஒத்துக்கொள்வார்கள், இந்த ஊரிலும் ஒத்துக்கொள்வார்கள். அந்தப் பெண் மூன்று மாதம் கோயில் பக்கம் வரவில்லை. அதுவும் ஞாபகம் வந்தது. வந்தும், அதைத் தள்ளிவைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அமலோற்பவத்தின் வீட்டு முன் முப்பிடாதியும் மூன்று ஆட்களும் கடப்பாரையோடு நின்றார்கள். ஜெனிஸ் ஓடு பிரிக்க ஏணியைச் சாய்த்திருந்தான். அறைக்குள் இருந்த சாமான்கள் எல்லாம் வேப்பமரத்தடிக்கு வந்திருந்தன. கட்டில், தகரப் பெட்டி, துணியில் சுற்றின சந்தியாகப்பர் சுரூபம். அமலோற்பவம் தலைக்குக் குளித்துத் துவைத்த சேலை கட்டியிருந்தாள்.

"செத்தப் பொறுங்க" என்றாள் ஜெபசுதா. ஜன்னல் ஓரத்தில் பெயர்ந்திருந்த ஒரு சில்லை எடுத்துப் பொடித்துத் தண்ணீரில் போட்டு, உப்புப் பார்க்கிற கருவியை அதில் விட்டாள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். கருவி காட்டிய எண்ணுக்கும் அவள் சொல்லப் போகிற வார்த்தைக்கும் சம்பந்தம் இல்லை.

"அக்கா, இந்தக் கல்லு கோயிலுக்கு ஆகாது. உப்பு கூட. பழுதுள்ள கல்லு."

அமலோற்பவம் கொத்தனாரைப் பார்த்தாள். "முப்பிடாதி, நீரு சொல்லும்."

முப்பிடாதி ஒரு சில்லைக் கிள்ளி நுனிநாக்கில் வைத்தார். கடலில் விளைந்த கல், உப்புக் கரிக்காமல் என்ன செய்யும்? ஊறப்போட்டால் போய்விடுகிற உப்பு என்று அவருக்குத் தெரியும், அவள் பொய் சொல்கிறாள் என்றும் தெரியும். ஜெபசுதாவை ஒரு பார்வை பார்த்தார். "உப்புதாம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஜெனிஸ் ஏணியிலிருந்து கையை எடுத்தான். அப்பாடா என்று ஜெபசுதா மூச்சுவிடப் போனாள்.

"அப்போ அடுக்களைக் கல்லு?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

அதை ஜெபசுதா யோசித்திருக்கவில்லை. எல்லாக் கணக்கையும் நாலு தடவை சரிபார்க்கிறவள் இந்த ஒன்றை யோசிக்காமல் வந்துவிட்டாள்.

"ஒரே வருசத்துல ஒரே கையி கட்டுன சுவரு. எங்க வீட்டுக்காரரோட தாத்தா தோணியில கொண்டாந்த கல்லு. அது நல்லது, இது பழுதா?"

நல்லது என்று சொன்னால் முன்னறையும் நல்லதாகிவிடும், கடப்பாரை விழுந்துவிடும். "அதுலயும் இருக்கும்க்கா" என்றாள் ஜெபசுதா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இருக்கும்னா? பழுதுன்னு தெரியாம கோயில் சுவத்துல வச்சிட்டியளா?" அமலோற்பவத்தின் முகம் சுருங்கிப்போனது. "அத எடுத்துருங்க. நான் குடுத்த பழுது அவரு சுவத்துல இருக்கக் கூடாது. ஒரு கல்லுகூட இருக்கக் கூடாது."

அந்த நிமிடத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்கலாம். அக்கா, பொய் சொன்னேன், உன் கல்லைப்போல நல்ல கல் இந்தக் கரையிலேயே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஜெபசுதா முன்னறைச் சுவரைப் பார்த்தாள், வடகிழக்கில் கூடிக்கொண்டிருந்த மேகத்தைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

வடக்குச் சுவரில் ஏற்றின வரிசைகளை முப்பிடாதி திரும்பப் பிரித்தார். நான்கு நாள் வேலை வீண். ஜெபசுதா பக்கத்தில் வந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டார். அந்த இடத்துக்குச் செங்கல் வந்தது, கணக்கு இருபத்தொன்பதரைக்கு ஏறியது. அமலோற்பவம் வீட்டுக் கல்லுக்கு நேரே, உப்பு மிகுதி, நிராகரிக்கப்பட்டது என்று ஜெபசுதா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முதல் பொய்க் கையெழுத்து. அறக்கட்டளை நன்றி தெரிவித்துப் பதில் அனுப்பியது. இரவல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரிகிறவளைப்போல அந்த வாரம் முழுவதும் அவளுக்கு எதிலும் நிலைகொள்ளவில்லை. சரியாகத்தான் செய்தோம் என்று கிங்ஸ்டனிடம் மூன்று தடவை சொன்னாள். நான்காவது தடவை சொல்ல வந்தபோது, "எங்கிட்ட எதுக்கு ஏளா சொல்லுத?" என்று கேட்டுவிட்டான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கல்லை டிராக்டரில் ஏற்றித் திருப்பிக் கொண்டுபோனார்கள். ஜெபசுதாவும் கூடவே போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. அடுக்களையை அதே கல்லில் திரும்பக் கட்டித் தரலாம், ஹாலோ பிளாக்கையும் கம்பியையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம், சுண்ணாம்புக்கு அவளே ஏற்பாடு செய்யலாம் என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

முன்னறை அப்படியே நின்றது. கட்டிலும் பெட்டியும் உள்ளே போயிருந்தன. ஆட்கள் கல்லை இறக்கி வேப்பமரத்தடியில் அடுக்குகிற வரைக்கும் அமலோற்பவம் நிலைப்படியில் கையை வைத்து நின்றாள். வாங்க என்று சொல்லவில்லை. இஞ்சினியரம்மா என்றும் கூப்பிடவில்லை.

"அக்கா, அடுக்களைய நானே நின்னு கட்டித் தாரேன். இதே கல்லுல" என்று ஆரம்பித்தாள் ஜெபசுதா.

"அடுக்களை கெடக்கட்டும் ஏளா" என்றாள் அமலோற்பவம். கோபமாகச் சொல்லவில்லை. பயந்த குரலில் சொன்னாள். "கடலு எம் பிள்ளையத் தந்துட்டுது. அதுக்கு நான் குடுத்தத நீ திருப்பிக் கொண்டாந்து போட்டுட்ட. இதவிட நல்லதா எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல. இனி நான் எதக் குடுக்க? நீயே சொல்லு."

அறைக்குள் ஜெனிஸ் பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை அவன் மாலத்தீவுத் தோணி ஏறுகிறான்.